வீட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஓர் ஊசி

2024 நவம்பர் 14ஆம் திகதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து வாக்காளரின் கையில் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் 44 பட்டியல்கள் இருந்தன. கட்சிகள் 23, சுயேச்சைக் குழுக்கள் 21. ஆறு ஆசனங்களுக்கு 396 பேர் போட்டி. வீடு, சைக்கிள், வீணை, சங்கு, திசைகாட்டி என்று பழகிய சின்னங்களைத் தாண்டிக் கண்ணை இறக்கிக்கொண்டே போனால் மாம்பழம் வரும், ஊசி வரும். தமிழரசுக் கட்சியோடு முறுகிக்கொண்டு வெளியே வந்தவர்கள் மாம்பழத்தில் நின்றார்கள். ஊசி, ஒரு மருத்துவர் தலைமையில் வந்த சுயேச்சைக் குழு 17இன் சின்னம்.

மறுநாள் முடிவு வந்தபோது தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு ஓர் ஆசனம், தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு ஓர் ஆசனம், ஊசிக்கும் ஓர் ஆசனம். மிச்சம் மூன்றும் திசைகாட்டிக்கு. அந்தத் திசைகாட்டிக்குரிய, தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பிடித்தது என்பதுதான் கொழும்புப் பத்திரிகைகளுக்குச் செய்தியாக இருந்தது. எனக்கு அதைவிடச் சுவாரசியமானது மற்றது. 225 பேர் கொண்ட அந்தப் பாராளுமன்றத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் தெரிவான சுயேச்சைக் குழு ஒன்றே ஒன்றுதான், அது யாழ்ப்பாணத்திலிருந்து போனது.

கட்சிக்கு விசுவாசம் என்றால் என்ன என்று கேட்டால் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தைத்தான் காட்டியிருப்பார்கள். ‘வீட்டுச் சின்னத்தில் கொட்டனை நிறுத்தினாலும் வெல்லும்’ என்ற மாதிரியான பேச்சு இங்கே சாதாரணம். அந்த வீட்டுக்கு 2015இல் மாவட்டத்தில் கிடைத்தவை 207,577 வாக்குகள். 2020இல் 112,967. 2024இல் 63,327. ஒன்பது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. இது ஓர் அலையில் அடிபட்டுப் போனதல்ல. கூரை ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகியிருக்கிறது, உள்ளே இருந்தவர்கள் பாயை நகர்த்திப் போட்டுப் படுத்திருக்கிறார்கள்.

ஏன் என்பதற்குக் கதை நீளம். வீட்டுச் சின்னத்தில் நின்று வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001இல் உருவானது, 2010இல் ஒருமுறை உடைந்தது. 2023 உள்ளூராட்சித் தேர்தலுக்கென்று வேட்புமனு கொடுக்கும் நேரத்தில் அதன் பங்காளிகளான புளொட்டும் டெலோவும் ஒரு வழி, தமிழரசுக் கட்சி ஒரு வழி என்று பிரிந்து போயின. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்து சிறீதரன் சுமந்திரனை வென்றார். அடுத்த மாதமே விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ‘பொது வேட்பாளர்’ என்று அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நிறுத்தப்பட்டார். யாழ்ப்பாணத்தில் மட்டும் 116,688 பேர் சங்குக்குப் போட்டார்கள். தேர்தல் முடிந்த சூடு ஆறுமுன் அதே சங்கு ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னமாகிவிட்டது. எல்லோருக்கும் பொது என்று சொல்லி ஊதியதை ஒரு கட்சி தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த சனம் என்ன நினைத்திருக்கும்? நவம்பரில் சங்குக்கு விழுந்தவை 22,513 வாக்குகள்.

ஆனால் கட்சிச் சண்டை மட்டும் ஒரு மனிதரை அறியாத சின்னத்துக்குப் புள்ளடி போட வைக்காது. அதற்குச் சாவகச்சேரி வரை போக வேண்டும்.

தென்மராட்சியில் ஒருவருக்குச் சலரோகமோ பிரசரோ இருந்தால் கிளினிக் நாளில் விடிய முந்தி எழும்பி, கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருக்க வேண்டும். டொக்டரைக் கண்டு மருந்துக்கு வரிசையில் நின்றால், மூன்றில் ஒன்று இல்லை, ‘வெளியிலை வாங்குங்கோ அம்மா’ என்று ஒரு துண்டு வரும். கொடிகாமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் விழுந்தவரை அங்கே கொண்டுபோனால், பார்த்துவிட்டு அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. முறைப்பாடு என்று யாரும் எடுத்துப் பேசுவதில்லை, வெயிலைப் பற்றி முறைப்பாடு செய்வோமா?

2024 நடுப்பகுதியில் அந்த வைத்தியசாலைக்குப் பதில் அத்தியட்சகராக வந்த இராமநாதன் அர்ச்சுனா, பின்னர் ஊசிக்குத் தலைமை தாங்கிய அதே மருத்துவர், அதைப் பேசினார். அதுவும் முகநூல் நேரலையில், பெயர் சொல்லி, குரலை உயர்த்தி. அவருடைய குற்றச்சாட்டுகளில் எது சரி எது மிகை என்பதை விசாரணைகள்தான் சொல்ல வேண்டும். மற்ற மருத்துவர்கள் அவருக்கு எதிராகப் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் ஜூலையில் சாவகச்சேரியில் கடைகள் பூட்டப்பட்டு, சனம் வைத்தியசாலை வாசலில் திரண்டது. எந்தக் கட்சியும் கூப்பிட்டு வந்த கூட்டமல்ல அது. தமிழ்த் தேசியம் பேசும் எந்தக் கட்சியும் ஒரு மருந்துத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அளவு ஆட்களை அண்மையில் திரட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

‘உரிமை, உரிமை எண்டு கதைக்கினம், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கதைக்க ஒருத்தரும் இல்லை’ என்பது அந்த நாட்களில் தேநீர்க் கடைகளில் கிடைத்த அரசியல் விமர்சனம். இதைக் கேட்டவுடன் நம்முடைய கட்சிக்காரர் ‘அப்ப உரிமை வேண்டாமோ, சோறு போதுமோ’ என்று எதிர்க்கேள்வி போடுவார்கள். பழைய பாட்டு. ஆஸ்பத்திரியை நடத்தும் அதிகாரமே உரிமைப் பிரச்சினையின் நடுப்பகுதி என்பது அவர்களுக்கு விளங்காமல் இல்லை. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாணத்துக்குரியது. கேள்வி கேட்க வேண்டிய இடம் வட மாகாண சபை. 2013இல் 38 ஆசனங்களில் 30ஐக் கூட்டமைப்புக்கு அள்ளிக் கொடுத்துச் சனம் அமைத்த சபை அது. அதன் ஐந்து வருடத்தில் சனத்துக்கு மிஞ்சிய ஞாபகம் முதலமைச்சருக்கு எதிராகச் சொந்தக் கட்சிக்காரரே கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை. 2018 ஒக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்தன. தேர்தலுக்குக் காசில்லை என்றது அரசாங்கம்.

அதாவது 2024இல் ஒரு தென்மராட்சி வாக்காளருக்குத் தெருவிளக்கைப் பற்றிக் கேட்கப் பிரதேச சபை உறுப்பினர் இல்லை, ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்க மாகாண சபை உறுப்பினர் இல்லை. மிஞ்சியிருந்தது பாராளுமன்றத் தேர்தல் ஒன்றுதான். கீழ்த் தட்டில் போட வேண்டிய முறைப்பாட்டைக் கொண்டுபோய் மேல்தட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். சுயேச்சைக்கு விழுந்த வாக்குகளை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இலங்கையில் பாராளுமன்றத் தேர்தலில் ஒருவர் தனியாளாகச் சுயேச்சையாக நிற்க முடியாது என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் நம்ப மாட்டார்கள். குழுவாகத்தான் நிற்கலாம், அதுவும் மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டிய அளவு ஆட்களோடு. யாழ்ப்பாணத்தில் ஒன்பது பேர். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குக் கட்டுப்பணம் இல்லை, சுயேச்சைக்குத் தலைக்கு 2,000 ரூபா. ஆக மொத்தம் 18,000 ரூபா, ஒரு மலிவான கைப்பேசியின் விலைகூட வராது. பட்டியலை நிரப்ப மைத்துனர், கூடப் படித்தவர், முகநூலில் அறிமுகமானவர் என்று எவரையும் சேர்க்கலாம். குழு 17க்குக் கிடைத்த 27,855 வாக்குகளில் அர்ச்சுனாவின் விருப்பு வாக்கு 20,487. முகத்தைப் பார்த்தே போட்டிருக்கிறார்கள்.

‘நம்மவர் பிரிந்து நின்றதால்தான் சுயேச்சை உள்ளே புகுந்தது’ என்பது தோற்றவர்களின் விளக்கம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம், கடினமில்லை. மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கு 325,312. இருபதில் ஒரு பங்கு எடுக்காத பட்டியல்களைத் தள்ளிவிட வேண்டும். மிஞ்சியவை ஆறு: திசைகாட்டி 80,830, வீடு 63,327, சைக்கிள் 27,986, ஊசி 27,855, சங்கு 22,513, வீணை 17,730. முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி ஐந்துக்கு இந்த ஆறின் கூட்டுத்தொகையைப் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48,000. திசைகாட்டியும் வீடும் தலைக்கு ஒன்று வாங்கிவிடும். மற்ற மூன்றும் மிச்ச வாக்கின் வரிசைப்படி திசைகாட்டிக்கும் சைக்கிளுக்கும் ஊசிக்கும் போகின்றன.

இப்போது வீட்டையும் சைக்கிளையும் சங்கையும் ஒரே பட்டியலில் சேருங்கள். 113,826 வாக்கு, முதலிடம், போனஸோடு மூன்று ஆசனம். திசைகாட்டி இரண்டுக்கு இறங்கும். ஊசியோ அசையாமல் அதே இடத்தில் இருக்கும்! ஒற்றுமை வந்திருந்தால் தெற்குக் கட்சியின் முதலிடத்தைப் பறித்திருக்கலாம், சுயேச்சையின் ஆசனத்தைத் தொட்டிருக்க முடியாது. ஊசியை உண்மையில் காப்பாற்றியது வேறொன்று. வெட்டுப்புள்ளி முதலில் எட்டில் ஒரு பங்காக இருந்தது. 1988இல் பதினைந்தாவது திருத்தத்தால் இருபதில் ஒன்றாக இறங்கியது. பழைய அளவு நீடித்திருந்தால் 40,000 வாக்கைத் தாண்டிய திசைகாட்டியும் வீடும் மட்டுமே ஆசனம் கண்டிருக்கும். சைக்கிள்காரரும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,000க்கும் மேல். மூன்றாம் இடம் வந்த கட்சியைவிட அதிகம். நீளமான சீட்டில் தடுமாறியவை எத்தனை, வேண்டுமென்றே கெடுக்கப்பட்டவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டுக்கும் கட்சிகள் தாம் பொறுப்பு என்பேன்.

யாழ்ப்பாணத்துக்குச் சுயேச்சை புதிதல்ல. 1989இல் ஈரோஸ் இயக்கம் சுயேச்சையாக நின்று மாவட்டத்தின் 11 ஆசனங்களில் எட்டை எடுத்தது. 1994இல் இன்னும் விசித்திரம். குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கையில் இருக்க, தீவகத்தில் மட்டும் வாக்குப்பதிவு நடந்தது என்றே சொல்லலாம். ஈபிடிபி சுயேச்சைக் குழுவாக நின்று 10,744 வாக்குக்கு ஒன்பது ஆசனங்களைக் கொண்டுபோனது. அதன் தலைவர் டக்ளஸ் தேவானந்தா அந்த வாசலால்தான் பாராளுமன்றத்துக்குள் போனார், முப்பது வருடம் இருந்தார், 2024இல் ஊசி உள்ளே வந்த அதே நாளில் வெளியே வந்தார். அவரோடு சுமந்திரனும் புளொட்டின் சித்தார்த்தனும் தோற்றார்கள். ஆனால் அந்தப் பழைய சுயேச்சைகளின் பின்னால் ஆயுதமும் அமைப்பும் இருந்தன. இம்முறை வந்தவருக்குப் பின்னால் இருந்தது ஒரு கைப்பேசி.

கைப்பேசியின் பலவீனமும் கூடவே வந்தது. நவம்பர் 21ஆம் திகதி முதல் அமர்விலேயே புது உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனத்தில் போய் அமர்ந்தார். எழும்பச் சொல்லியும் எழும்பவில்லை. வாக்களித்தவர்களில் ஒரு பகுதி அதைப் பார்த்துக் கைதட்டியது, மற்றப் பகுதி தலையில் அடித்துக்கொண்டது. கட்சியில் இருப்பவரைத் தட்டிக் கேட்க ஒரு மத்திய குழுவாவது இருக்கும், நீதிமன்றம் வரை சண்டை பிடிக்கும் மத்திய குழுவாக இருந்தாலும். தனி முகத்துக்கு வாக்குப் போட்டால் அந்த முகத்தின் குணம்தான் கொள்கை. வாய் இருப்பவரை அனுப்பினோம் என்று பெருமைப்பட்டவர்கள், ஒரு ஆஸ்பத்திரியைத் திருத்த வாய் எவ்வளவு உதவும் என்று யோசிக்கவில்லை. ஆளணி, நிதி, இடமாற்றம் எல்லாம் கோப்புகளில் நடப்பவை.

சனம் கட்சிகளைக் கைகழுவிவிட்டது என்று எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணம் மாநகர சபையின் 45 ஆசனங்களில் வீடு 13, சைக்கிள் 12, திசைகாட்டி 10. ஆறு மாதத்துக்கு முன் மாவட்டத்தையே வென்ற திசைகாட்டி மூன்றாம் இடத்தில். தெருவுக்கும் வடிகாலுக்கும் குப்பைக்கும் பொறுப்பான சபை என்று வந்தபோது, தெரிந்த வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். கோபம் இருந்தது, முறிவு இருக்கவில்லை. தனிப் பெரும்பான்மை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குரிய சபையின் கதை இன்னும் மோசம். மாகாண சபைத் தேர்தலைப் புதிய முறையில் நடத்தவென்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை; சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லாமல் போயிற்று, புதிய முறை அறிக்கையோடு விழுந்தது, தேர்தல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த நாளில் கூட்டமைப்புக்கு அவையில் 16 உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்த அறிக்கை குறையுள்ளது என்று எதிர்ப்பதற்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பழைய முறையிலாவது தேர்தலை வையுங்கள் என்று, சாவகச்சேரிச் சனம் ஒரு மருத்துவருக்காகக் கடை பூட்டியதுபோல, மாகாண சபைக்காகக் கடை பூட்டச் சொல்லி எந்தக் கட்சியும் வாசல் வாசலாக வரவில்லை.