விதியும் விலக்கும்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நம் பெரியோர் கேட்டனர். தன்னிடம் உள்ளதை மறந்து பிறர் வாயிலை நாடுவது பேதைமை என்பது அதன் கருத்து. ஆனால் கையில் இருப்பது வெண்ணெயாக இல்லாமல் பாலாகவே இருந்தால் என்ன செய்வது? பாலைத் தோய்த்து, தயிரைக் கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்குவதற்குள் விருந்தினர் இலையின் முன் அமர்ந்துவிட்டால் என்ன செய்வது? அன்றைக்கு மட்டும் அண்டை வீட்டில் நெய் வாங்கலாமா? வாங்கினால், மறுநாள் தயிர் கடைவோமா, அல்லது அண்டை வீட்டையே நம்பிப் பழகிவிடுவோமா?

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்வினாக்களை நாட்டளவில் எழுப்புவது. அரசாங்கம் மக்கள் பணத்தைக் கொண்டு ரயில் பாதை அமைக்கிறது; மின்நிலையம் கட்டுகிறது; தொலைபேசிக் கோபுரம் எழுப்புகிறது. இவற்றிற்கு வேண்டிய இயந்திரங்களையும் கருவிகளையும் கூடியவரையில் உள்நாட்டிலேயே வாங்கவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறது. அதே அரசாங்கம் சில வேளைகளில் அவ்விதியைத் தளர்த்தி, அயல்நாட்டுப் பொருளை வாங்கவும் இசைவு தருகிறது. இது முரண்பாடு அல்லவா என்று எங்கள் திருத்தணியில் கல்லூரி மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. முரண்பாடு அன்று, ஆனால் கவனம் தவறினால் முரண்பாடாகிவிடும். இதுவே என் விடை. அதனை விளக்க முயல்கிறேன்.

விதி ஏன் பிறந்தது என்பதை முதலில் காண்போம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதை திருத்தணி வழியே போகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டுப் பாதைகளில் ஓடிய என்ஜின்களில் மிகப் பெரும்பாலானவை பிரிட்டனில் செய்யப்பட்டவை. நம்மவர்க்குக் கைத்திறன் இல்லாமையால் அவ்வாறு நேரவில்லை. 1895-ஆம் ஆண்டிலேயே அஜ்மீர் ரயில்வே பட்டறையில் ஒரு நீராவி என்ஜின் உருவாயிற்று. ஆயினும் வாங்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர்களுடைய நாட்டுத் தொழிற்சாலைகளே வளர்ந்தன. விடுதலைக்குப் பின்னர் 1950-இல் சித்தரஞ்சனில் என்ஜின் தொழிற்சாலை தன் முதல் என்ஜினை வெளியிட்டது. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. பெரம்பூருக்கு நுட்ப உதவி அளித்தது சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி. அயலாரிடம் கற்றோம், கற்றபின் நாமே செய்தோம். அரசாங்கம் வாங்குகிற பொருள், ஒரு தொழிலை வாழவைக்கவும் வாட்டவும் வல்லது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இனி இன்றைய விதிக்கு வருவோம். பொதுக் கொள்முதலில் இந்தியத் தயாரிப்புக்கு முன்னுரிமை அளிக்கும் ஆணையை மத்திய அரசு 2017 ஜூன் 15-ஆம் நாள் வெளியிட்டது. 2020-இல் அதனைத் திருத்தி மேலும் இறுக்கியது. பொருளின் மதிப்பில் எத்தனை பங்கு உள்நாட்டில் சேர்க்கப்பட்டது என்பதே இதன் அளவுகோல். 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்நாட்டுப் பங்கு உடையோர் முதல் வகுப்பினர். 20 விழுக்காட்டுக்கு மேலும் 50-க்குக் கீழும் உடையோர் இரண்டாம் வகுப்பினர். ஏனையோர் உள்நாட்டாராகக் கருதப்படார். 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு, உரிய அதிகாரத்தின் தனி இசைவு இல்லாமல், உலகளாவிய டெண்டர் கோரலாகாது என்றும் 2020-இல் விதிக்கப்பட்டது.

முன்னுரிமை என்றவுடன் உள்நாட்டாருக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மிகக் குறைந்த விலையாக ஒருவர் 100 ரூபாய் கேட்கிறார். அவர் முதல் வகுப்பினர் அல்லர் என்று கொள்வோம். முதல் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் 120 ரூபாய்க்குள் கேட்டிருந்தால், அந்த 100 ரூபாய்க்கே தர இயலுமா என்று அவரிடம் கேட்கப்படும். அவர் இசைந்தால், பிரித்து வாங்கக்கூடிய பொருளில் பாதி அவருக்குக் கிடைக்கும். பிரிக்க இயலாததாயின் முழுவதும் அவருக்கே கிடைக்கும். ஆகவே இவ்விதி அவருக்குத் தருவது கூடுதல் பணம் அன்று. கூடுதலாக ஒரு வாய்ப்பு.

இவ்வாணைக்குள்ளேயே ஒரு வாயிலும் உண்டு. பொருளை வாங்கும் துறை, தன் அமைச்சரின் ஒப்புதலோடு, காரணங்களை எழுத்தில் பதிந்து, உள்நாட்டுப் பங்கின் அளவைக் குறைக்கலாம். அல்லது குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு முழு விலக்கே அளிக்கலாம். எழுத்தில் பதிந்து என்ற இரு சொற்களை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும். வாயிலுக்குத் தாழ்ப்பாள் அதுதான்.

வாயில் திறந்தபோதும், திறக்க மறுத்தபோதும் என்ன நேர்ந்தது என்பதை மூன்று நிகழ்ச்சிகளால் காட்டுகிறேன்.

முதலாவது, நமக்கு அண்மையில் நிகழ்ந்தது. சென்னை மெட்ரோ ரயிலுக்கு 42 வண்டித் தொடர்கள் வேண்டுமென்று 2010-இல் அல்ஸ்டம் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. நான் கூறிய ஆணை அப்போது பிறக்கவில்லை. ஆயினும் அதன் உட்கருத்து அவ்வொப்பந்தத்தில் இருந்தது. முதல் 9 தொடர்கள் பிரேசில் நாட்டிலிருந்து கடல் வழியே வந்தன. எஞ்சிய 33 தொடர்களையும் தடா அருகிலுள்ள ஸ்ரீசிட்டியில் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. 2015 ஜூன் 29-ஆம் நாள் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. எல்லாம் இங்கேயே செய்யப்படவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், பாதை இருந்தும் வண்டிக்காகக் காத்திருக்க நேர்ந்திருக்கலாம். எல்லாவற்றையும் இறக்குமதி செய்திருந்தால், ஸ்ரீசிட்டியில் அத்தொழிற்சாலைக்கு வேலையே இருந்திராது.

ஸ்ரீசிட்டி திருத்தணிக்கு வடகிழக்கே, ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. திருத்தணியும் ஒரு காலத்தில் ஆந்திர மாநிலத்தில் இருந்ததுதான். எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோட்டின் அருமையை நன்கு உணர்ந்த ஊர் எங்கள் ஊர். ஆனால் கொள்முதல் ஆணை மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையின் உடைமையாளர் எந்நாட்டார் என்றும் அளப்பதில்லை. வேலை எங்கே நடக்கிறது, மதிப்பு எங்கே கூடுகிறது என்பதையே அளக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் ஆலையில் நம் இளைஞர்கள் செய்த பெட்டி இந்த அளவில் நம் நாட்டுப் பொருளே. அதே தொழிற்சாலை பின்னர் ஆஸ்திரேலியாவின் சிட்னி மெட்ரோவுக்கு, ஆறு பெட்டிகள் கொண்ட 22 தொடர்களைச் செய்து அனுப்பியது. சிட்னி மக்களுக்கு நாம் அயல்நாட்டார். அவர்கள் வாயிலை முற்றிலும் அடைத்திருந்தால், இங்கே பலருக்கு அந்த வேலை கிடைத்திராது. விதியின் மற்றொரு பக்கத்தையும் காண இது நமக்கு உதவும்.

இரண்டாவது, சூரிய மின்சாரம். தேசிய சூரிய சக்தித் திட்டம் 2010-இல் தொடங்கியபோது, சிலிக்கன் படிக வகைத் தகடுகள் உள்நாட்டில் செய்தனவாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தனர். மெல்லேட்டு வகை என்னும் மற்றொரு வகைத் தகட்டிற்கு விலக்கு இருந்தது. விளைவு என்ன? மின்நிலையம் அமைத்தோர் பலர் மெல்லேட்டுத் தகடுகளையே வெளிநாட்டிலிருந்து வாங்கினர். வேலியில் ஆள் நுழைய விட்ட சந்து வழியே வண்டியே போயிற்று. 2013-இல் அமெரிக்கா உலக வணிக அமைப்பிடம் முறையிட்டது. 2016-இல் தீர்ப்பு நமக்கு எதிராக அமைந்தது. அரசாங்கம் தனக்கென வாங்கும் பொருளுக்கு உள்நாட்டு நிபந்தனை விதிக்க இடமுண்டு என்று நாம் வாதாடினோம். நீங்கள் வாங்குவது மின்சாரம். நிபந்தனை விதித்தது தகட்டுக்கு. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று நடுவர்கள் கூறிவிட்டனர்.

அதன்பின் அரசாங்கம் வேறு வழியை நாடியது. ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளர் பட்டியல் ஒன்றுக்கு 2019-இல் ஆணையிட்டது. அரசுத் திட்டங்களில் பட்டியலில் உள்ளோரின் தகடுகளையே பயன்படுத்தவேண்டும். பட்டியலில் இடம்பெற்றோரோ உள்நாட்டுத் தயாரிப்பாளர்களே. ஆனால் வேண்டிய அளவுக்குத் தகடுகள் கிடைக்கவில்லை, திட்டங்கள் தடுமாறின. எனவே 2023 மார்ச்சில், 2023-24 நிதியாண்டுக்கு மட்டும் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் நாள் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இவ்விலக்குக்கு ஒரு தொடக்க நாளும் இருந்தது. ஒரு முடிவு நாளும் இருந்தது. முடிவு நாள் வந்ததும் வாயில் உண்மையாகவே மூடப்பட்டது. இது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, வாயில் திறக்க மறுத்த நிகழ்ச்சி. நம் நாட்டில் தனியார் கம்பெனி ஒன்று 2012-இலேயே 4ஜி தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2020-இல் அதற்கான கருவிகளுக்கு டெண்டர் கோரியது. அதன் நிபந்தனைகள் அயல்நாட்டாருக்கே சாதகமானவை என்று உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தனர். அந்த டெண்டர் கைவிடப்பட்டது. உள்நாட்டுக் கருவிகளையே உருவாக்கிப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. சி-டாட், தேஜஸ் நெட்வொர்க்ஸ், டி.சி.எஸ். ஆகியவை அப்பணியில் ஈடுபட்டன. உள்நாட்டுக் கருவிகளால் அமைந்த அந்த 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27-ஆம் நாள் நாடளாவிய முறையில் தொடங்கி வைக்கப்பெற்றது. இத்தகைய கருவித் தொகுதியைத் தாமே செய்யவல்ல நாடுகள் உலகில் மிகச் சிலவே. அவ்வரிசையில் நாம் சேர்ந்தது பெருமைதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. அத்தனை ஆண்டுகளும் வேகமான இணைப்பை வேண்டிய வாடிக்கையாளர் பிறரிடம் சென்றனர். தனியார் எட்டிப்பார்க்காத சிற்றூர்களில், பொதுத்துறையையே நம்பியிருந்த மாணவர் காத்திருந்தனர். விலக்கு அளிப்பதற்கு விலை உண்டு. அளிக்காமைக்கும் விலை உண்டு. கணக்கில் இரண்டையும் எழுதவேண்டும்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வ நாடாகிய அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டிலேயே உள்நாட்டுப் பொருளை வாங்குமாறு அரசாங்கத்தைப் பணிக்கும் சட்டம் பிறந்தது. 2021-இல் இயற்றிய சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் பாலம், சாலை, குடிநீர்த் திட்டம் முதலியவற்றிற்கும் இதனை விரித்தது. மூன்று காரணங்களுக்காக விலக்குப் பெறலாம். பொருள் போதிய அளவிலோ தரத்திலோ உள்நாட்டில் கிடைக்காமை ஒன்று. உள்நாட்டுப் பொருளால் திட்டச் செலவு 25 விழுக்காட்டுக்கு மேல் உயர்வது மற்றொன்று. பொதுநலன் மூன்றாவது. விலக்கு அளிக்கும் முன்னரே அதன் காரணத்தை வெளியிட்டு, மக்கள் கருத்துக் கூறக் குறைந்தது 15 நாள் அளிக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் சிறப்பு. இதனால், உள்நாட்டில் அப்பொருளைச் செய்யும் சிறு தொழிலதிபர் ஒருவர் எங்கோ இருந்தால், இதோ நான் இருக்கிறேன் என்று முன்வர வழி பிறக்கிறது. மின்சாரக் கார்களுக்கு மின்னேற்றும் கருவிகள் போதாதிருந்தபோது, 2023-இல் அந்நாடு படிப்படியான விலக்கு ஒன்றை அளித்தது. இறுதியாகப் பூட்டும் வேலையும் இரும்பு உறையும் உடனே உள்நாட்டுக்கு வரவேண்டும். 2024 ஜூலை முதல் உறுப்புகளின் மதிப்பில் 55 விழுக்காடு உள்நாட்டினதாக இருக்கவேண்டும். திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பர். ஒரே தாவலில் எவரும் உச்சியை அடைவதில்லை. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

மாணவர்களே, உள்நாட்டு விதிக்கு விலக்கு என்ற செய்தியை இனி நீங்கள் நாளிதழில் படித்தால், உடனே சினமும் வேண்டா. உடனே கைதட்டலும் வேண்டா. நான்கு வினாக்களை எழுப்புங்கள். காரணம் வெளிப்படையாகக் கூறப்பட்டதா? எவ்வளவு பொருளுக்கு? எந்த நாள் வரை? அதற்குள் நாம் எதனைக் கற்றுக்கொள்ளப் போகிறோம்? முதல் மூன்று வினாக்களுக்கும் விடை இருந்தால் அவ்விலக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்காவதற்கும் விடை இருந்தால் அதனை வரவேற்கலாம். ஒன்றுக்கும் விடை இல்லையானால், விதி தாளில் மட்டும் வாழ்கிறது என்று அறியுங்கள்.

நான்காவது வினாவுக்கு அரசாங்கத்தின் ஆணை மட்டும் விடை ஆகாது. உள்நாட்டில் செய்ய இயலவில்லை என்று கோப்பில் எழுதப்படும் ஒவ்வொரு பொருளும், நம் தொழிற்கல்வி நிலையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் யாரோ ஒருவர் இன்னும் செய்யத் தொடங்காத வேலை. அவ்விலக்குகளின் பட்டியலை ஒரு நாட்டின் குறைகளின் பட்டியல் என்று சிலர் படிக்கலாம். உங்களைப் போன்ற இளைஞர் அதனைத் தங்களுக்குக் காத்திருக்கும் பணிகளின் பட்டியலாகப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.