பழைய காரும் பழகிய கையும்

பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்ட விரும்புவோர்க்கு முதலில் வேண்டுவது யாது? பணம் வேண்டும், கருவி வேண்டும், கைத்திறனும் வேண்டும். ஆயினும் இம்மூன்றுக்கும் முன்னதாக வேண்டுவது ஒன்றுண்டு. அஃது அறிந்தாரை அணுகிக் கேட்கும் பண்பாகும். சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இவ்வுண்மையை நமக்கு நன்கு புலப்படுத்துகிறது.

இங்கிலாந்தில் 1959 ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். அதற்கு வடிவம் தந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். நம் நாட்டில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதனைச் சென்னையில் தயாரித்தது. எஞ்சின் 948 சி.சி. அளவுடையது. முன்பக்கம் முழுவதும் மட்கார்டுகளோடு ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். பின்னாளில் வந்த 4 கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது.

நெய்யாற்றின்கரையை அடுத்த சிற்றூரில் வாழும் தமிழன்பர் ஒருவரின் இல்லத்தில் தந்தையார் விட்டுச்சென்ற ஹெரால்டு ஒன்று உள்ளது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் பாறசாலையைக் கடந்து களியக்காவிளை வழியே மார்த்தாண்டம் செல்லும் பழக்கம் நம்மவரை விட்டு நீங்கவில்லை. அன்பரும் தம் காரை அங்கேதான் கொண்டுசென்றார்.

இளைஞரான மெக்கானிக் முன்சக்கரத்தின் அடியில் கிரீஸ் அடிக்க முற்பட்டார். அருகிலிருந்த முதியவர் அவரைத் தடுத்து, "தம்பி, நிறுத்து. இந்த இடத்துக்குக் கிரீஸ் ஆகாது; கியர் ஆயில்தான் வேண்டும்" என்றார்.

"எல்லாக் காருக்கும் கிரீஸ்தானே, அண்ணாச்சி?" என்று வினவினார் இளைஞர்.

"இது எல்லாக் காரையும் போன்றதன்று" என்றார் பெரியவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை டிரன்னியன் என்னும் வெண்கலத் துண்டுக்குள் அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் சுழலும். மரைகளின் இடுக்கெங்கும் எண்ணெய் பரவி நிற்றல் வேண்டும். கிரீஸ் அவ்வாறு பரவுவதில்லை. நாளடைவில் உலர்ந்து இறுகிவிடும். பின்னர் மழைநீர் புகும், துருப்பிடிக்கும், மரை தேயும். முடிவில் தண்டே முறிந்து சக்கரம் மடங்கி வீழ்தலும் உண்டு. குடும்பத்தோடு செல்லும் வழியில் அது நேர்ந்தால் விளைவு என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இதனைத் தடுப்பதற்கு வேண்டுவது 90 எண் கியர் ஆயில் சிறிதளவே.

பழகாத அமைப்பு கைவினைஞர்க்கு இடர் தருவதைத் தொழிற்சாலையாரும் அறிந்திருந்தனர். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்புடையன. அவ்வமைப்பை நம் நாட்டு உரிமையாளரும் மெக்கானிக்குகளும் பெரிதும் விரும்பவில்லை. ஆதலின் 1972 இல் வந்த கஸெல் காரில் ஒரே அச்சுடைய அமைப்பைப் பொருத்தினர்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உள. அக்காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடற்பகுதியோடு இணைந்திருக்கும். ஆகவே புதிய பாட்டரியை மாட்டுமுன் அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளும் அங்குல அளவின. அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானரை இட்டால் சற்றே தளர்ந்து நிற்கும்; இறுகிய போல்ட்டாயின் அதன் முனைகள் மழுங்கிவிடும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நாம் புகைவண்டி நிலையத்தில் பணிபுரிபவர். சீட்டைப் பாராமல் எந்தப் பார்சலையும் அனுப்புவதில்லை. அதுபோலவே காரின் அடையாளத் தகட்டை முதலில் படித்து, எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓசை எப்போது எழுகிறது, எந்தப் பக்கம் எழுகிறது, இதற்குமுன் எதனை மாற்றினோம் என்பவற்றை எழுதிக்கொண்டு படங்களோடு வினவினால், தொலைவில் உள்ளோரும் தெளிவாக விடையளிப்பர். இங்கிலாந்தில் ஹெரால்டு வைத்திருப்போர்க்கென 1977 இல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இத்தகைய அறிவைப் பேணிவருகிறது. ஆனால் 4 கதவு காரின் கதவும் தகடும் அவர்களிடம் கிடையா. அவற்றை நம் நாட்டிலேயே தேடவேண்டும். பழுது நீங்கியபின் அச்செய்தியை விடை தந்தவர்க்கு அறிவிப்பதும் நம் கடமை. அடுத்து வினவுவோர்க்கு அது பயன்படும்.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இப்பாடம் புதியதன்று. வந்த இடத்தின் வழக்கை அங்குள்ளோரிடம் கேட்டறிந்தே நாம் குடும்பம் நடத்தி வருகிறோம். பழைய காரிடத்தும் அவ்வாறே ஒழுகுவோமாக. மார்த்தாண்டத்துப் பெரியவரைப் போன்றோர் நம்மிடையே வாழும்போதே, அவர்கள் அறிந்தவற்றை இளைஞர்கள் கேட்டு எழுதி வைத்துக்கொள்வார்களாக!