மாமியாருக்கு ஒரு தோட்டம்

மாலை ஐந்து மணி. அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிறது. உங்கள் மாமியார் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் போகிறார்.

"எங்கே அத்தை, புறப்பட்டுவிட்டீர்கள்?"

"வீட்டுக்குத்தான். இருட்டுவதற்குள் போக வேண்டாமா?"

"இதுதானே அத்தை நம் வீடு!"

அவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். "நீ நல்ல பெண்தான். என்னை விட்டுவிடு, அம்மா தேடுவாள்" என்கிறார். எண்பது வயதுக்காரரை எந்த அம்மா தேடப் போகிறாள்? உங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஓடிப் போய்க் கேட்டைப் பூட்டுகிறீர்கள். அவர் பூட்டைப் பிடித்து ஆட்டுகிறார். அப்புறம் இரவு வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

இது வீம்பு அல்ல, மறதி நோய். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். நம் தேசத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது இருக்கக்கூடும் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாலை வேளையில் பரபரப்பு மிகுவதும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவிப்பதும் இவர்களிடம் வெகு சகஜம். அவர் தேடும் வீடு எழுபது வருஷத்துக்கு முந்தியது. அதை நம்மால் கொண்டுவந்து தர முடியாது. நடக்கத் துடிக்கும் கால்களுக்கு ஓர் இடம் செய்து தரலாம் அல்லவா?

ஹாலந்து தேசத்தில் செய்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்னும் ஊரில், ஹோகவைக் என்று ஒரு குடியிருப்பு. 2009-ல் திறந்தபோது 23 வீடுகள். வீட்டுக்கு ஆறேழு பேர். அத்தனை பேரும் கடுமையான மறதி நோய்க்காரர்கள். உள்ளே தெரு உண்டு, கடை உண்டு, குளமும் தோட்டங்களும் உண்டு. வேலியைத் தேடினால் கிடைக்காது! வீடுகளையே சுற்றிலும் வரிசையாகக் கட்டி, அவற்றையே மதிலாக்கிவிட்டார்கள். வெளியே போக வழி ஒன்றுதான். அங்கே ஆள் இருக்கிறார். மற்றபடி நடக்கிறவரை யாரும் தடுப்பதில்லை.

"அதெல்லாம் ஹாலந்தில்! எங்களுக்கு இருப்பது சுவரோரம் பத்தடி இடம்" என்கிறீர்களா? பத்தடி போதும். யுக்தி ஒன்றுதான்: பாதை எந்தக் கதவில் தொடங்குகிறதோ, சுற்றி வந்து அதே கதவில் முடிய வேண்டும். முட்டுச் சந்தாக முடிந்தால், அங்கே போய் நின்று திரும்பத் தெரியாமல் திகைத்துப் போவார். இரண்டு பேர் கைகோத்து நடக்கும் அகலம் இருந்தால் நல்லது.

தரையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பளபளக்கும் ஓடு அவர் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியலாம். கறுப்புப் பட்டை பள்ளமாகத் தெரியலாம். காலை எடுத்து வைக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது அதனால்தான். ஒரே நிறத்தில் சொரசொரப்பான சிமெண்டுத் தரை உத்தமம். பாதையில் கோலமும் வேண்டாம். வாசலில் அவரே போடட்டும். பேரன் பெயர் மறந்தாலும், புள்ளி வைக்கும் கை மறக்காமல் இருப்பது உண்டு.

தெருக் கேட்டுக்குச் சுவரின் வர்ணத்தையே அடித்து, பக்கத்தில் ஒரு கொடியைப் படரவிடுங்கள். கண்ணில் படாத கதவு ஆளை அழைக்காது. ஆனால் ஆபத்து வேளையில் நீங்கள் சட்டென்று திறக்கும்படி இருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் கதவுக்கு மட்டும் எடுப்பான நிறம். சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில், கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள மர நாற்காலி ஒன்று. சிமெண்டுப் பெஞ்சு நம் ஊர் வெயிலில் தோசைக்கல்தான்!

செடிகளுக்கு வருவோம். முதலில் அரளியை எடுத்துவிடுங்கள். பூஜைக்கு ஆகும் என்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறோம். செவ்வரளியானாலும் மஞ்சள் அரளியானாலும் உடம்பெல்லாம் விஷம். கையில் அகப்பட்டதை வாயில் போட்டுக்கொள்ளும் நிலை இவர்களுக்கு வரும். ஊமத்தையும் குண்டுமணியும் அப்படியே.

மல்லிகை வைத்தால் வாசனை போதும் என்று நினைப்போம். இந்த நோயில் மோப்ப சக்தி முதலிலேயே மங்கிவிடுவது உண்டு. ஆகையால் துளசி, மருக்கொழுந்து, கறிவேப்பிலை என்று கிள்ளிக் கசக்கி மூக்கருகில் கொண்டுபோகக் கூடியவை நல்லவை. முதிய கண்ணுக்கு நீலமும் ஊதாவும் மங்கல். கனகாம்பரமும் மஞ்சள் சாமந்தியும் பளிச்சென்று தெரியும். தொட்டிகளை இடுப்பளவு மேடையில் வைத்தால் குனிய வேண்டாம்.

வேலையும் கொடுங்கள். ஒரு கட்டு முருங்கைக்கீரையை மடியில் போட்டால் அரை மணி நேரம் உருவிக்கொண்டு இருப்பார். காம்பும் இலையும் கலந்துதான் வரும். உள்ளே போய் நீங்கள் பொறுக்கிக்கொள்ளுங்கள், அவர் எதிரில் வேண்டாம். நட்ட நாற்றைப் பிடுங்கிப் போட்டாலும் கோபிக்காதீர்கள். நாற்று காசுக்குக் கிடைக்கும்.

மாடிக் குடித்தனக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மொட்டை மாடிக்கு அவரைத் தனியே விடவே கூடாது. பால்கனியில் கம்பிக்கு உட்புறம் இரண்டு தொட்டி, ஒரு நாற்காலி போதும். அதில் காலை வெயில் பட்டால் இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. தாகம் என்று கேட்கத் தோன்றாது அவருக்கு. தண்ணீரை நீங்களே கொடுங்கள்.

தோட்டம் போட்ட பிறகு, விழுந்துவிடுவாரோ என்று பயந்து அதன் கதவைப் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. அதற்குத் தோட்டம் எதற்கு?

நாளை ஐந்து மணிக்கு மறுபடியும் புறப்படுவார். "இதுதான் வீடு" என்று வாதாட வேண்டாம். "வாருங்கள் அத்தை, நானும் கொஞ்ச தூரம் வருகிறேன்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துளசியைத் தாண்டி, கனகாம்பரத்தைத் தாண்டி, கதவு வரும். சில நாள் ஒரு சுற்றுப் போதும். சில நாள் ஆறு சுற்று ஆகும். புறப்படும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.