பீடத்து மலர்களும் அத்திமரத்து எருவும்

லூக்கா நற்செய்தி 13 ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமை நாம் நன்கு அறிந்ததே. மூன்றாம் ஆண்டு சுழற்சியில், தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று திருப்பலியில் இது வாசிக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். இறைவனின் பொறுமையைப் பற்றி இந்தப் பகுதியிலிருந்து எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தொழிலாளர் வெறுமனே தவணை கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி, எரு போடுவதாகச் சொல்லித்தான் கேட்கிறார். அந்த எருவைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை.

எங்கள் அன்பியத்தில் இந்த எண்ணம் எழுந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். முந்தின நாள்தான் பங்குத் திருவிழா முடிந்திருந்தது. தேரிலும் பீடத்திலும் கெபியிலும் சூட்டிய செவ்வந்தி, ரோஜா, சம்பங்கி மாலைகள் எல்லாம் சாக்குகளில் கட்டப்பட்டு, சாப்பாட்டு இலைகளோடும் பிளாஸ்டிக் குவளைகளோடும் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. நேற்று வரை ஆண்டவருக்குமுன் இருந்தவை இன்று மாடு கிளறும் குப்பையாகக் கிடந்தன. பார்க்கவே மனது கேட்கவில்லை. இவற்றை மட்கவைத்து உரமாக்கினால் என்ன என்று பேசினோம்.

உடனே ஒரு மறுப்பும் வந்தது. எங்கள் அன்பியத்தின் மூத்த பாட்டி ஒருவர், பீடத்தில் வைத்த பூவைச் சாணத்தோடு சேர்த்து அழுகவிடுவதா என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனால்தான் பழைய குருத்தோலைகளை எரித்துத் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்குகிறோம். உடைந்த சுரூபங்களை மண்ணில் புதைக்கிறோம். பூக்களோ அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை. அவற்றை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதில் அவமரியாதை இல்லை, குப்பைத் தொட்டியில் எறிவதில்தான் இருக்கிறது என்று பங்குத்தந்தை விளக்கினார். பாட்டி அரைமனதோடு சரி என்றார்.

முதல் முயற்சி படுதோல்வி. ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மாலைகளைக் கொட்டி, வீடுகளின் காய்கறிக் கழிவையும் போட்டு, இறுக மூடி வைத்தோம். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தபோது வந்த வாடையில் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். புழுக்கள் நெளிந்தன. எங்கள் தவறு எளிமையானது. எல்லாமே ஈரப்பொருள், காற்றுப் போக வழியே இல்லை. காற்று இல்லாத இடத்தில் பொருள் மட்காது, அழுகும்.

மட்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இரண்டு வகை உணவு வேண்டும். காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு, கிழித்த அட்டைப் பெட்டி ஆகியவற்றில் கரிமச்சத்து மிகுதி. பூ, காய்கறித் தோல், பச்சை இலை, சாணம் ஆகியவற்றில் தழைச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமச்சத்து ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு வரை இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் இதைத் தராசு வைத்துப் பார்க்க முடியாது. ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டு வாளி சருகு என்ற கணக்கு போதும். கோயில் வளாகத்தில் வேப்பமரமோ மாமரமோ இருந்தால் சருகுக்குப் பஞ்சமில்லை. அதைத் தினமும் கூட்டித் தீ வைக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்த வேண்டும்.

இரண்டாம் முறை டிரம்மின் பக்கங்களிலும் அடியிலும் துளைகள் போட்டு, செங்கல்லின்மேல் தூக்கி வைத்தோம். அடியில் ஒரு சாண் உயரம் சருகு, அதன்மேல் பூவும் காய்கறிக் கழிவும், மறுபடி சருகு. இரண்டு அடுக்குக்கு ஒருமுறை சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தோம். வாரம் ஒருமுறை கிளறினோம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பொடிந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சில நாளில் உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. பெரிய குவியலில் இந்தச் சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டி, களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழித்துவிடும். சிறிய டிரம்மில் அவ்வளவு சூட்டை எதிர்பார்க்க முடியாது. எனவே நோய் கண்ட செடிகளை அதில் போடாதிருப்பது நல்லது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் மணம் வந்தது. பாட்டியை அழைத்து முகரச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிப்போய்த் தம் துளசிச் செடிக்குப் போட்டார்.

மாலைகளைப் போடுமுன் பிரித்துப் பார்ப்பது அவசியம். நைலான் நூல், சரிகைத் தாள், சாட்டின் ரிப்பன், கம்பி எதுவும் மட்காது. பூங்கொத்துகளைச் செருகி வைக்கும் பச்சை நிற ஸ்பாஞ்சுக் கட்டியும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். அது தூளாகி மண்ணில் கலந்துவிடுமே தவிர மட்குவதில்லை. அலங்காரம் செய்பவரிடம் வாழைநாரில் கட்டிய மாலையையும் தண்ணீர்ச் சாடியையும் கேட்டு வாங்கினால் இந்த வேலை பாதியாகக் குறையும். இன்னொன்றும் உண்டு: சந்தைப் பூக்களில் பூச்சிமருந்தின் மிச்சம் இருக்கக்கூடும். ஆகவே மாலைகளில் கிடைத்த உரத்தைப் பூச்செடிகளுக்கும், வீட்டுச் சமையலறைக் கழிவில் கிடைத்த உரத்தைக் கீரை, காய்கறிக்கும் எனப் பிரித்து வைத்திருக்கிறோம்.

தக்காளி, கத்தரி, வெண்டைத் தொட்டிகளுக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மட்கு உரம் போதும். அதிகம் போட்டால் அதிகம் காய்க்கும் என்பதில்லை. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் செழிக்கும், பூ குறையும். முட்டை ஓட்டை நன்றாகப் பொடித்துப் போட வேண்டும். அப்போதும் அது கரைய நெடுநாள் ஆகும். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து லிட்டராகப் பெருக்கி வேரில் ஊற்றலாம். மல்லிகையைக் கவாத்து செய்யும் நவம்பர் கடைசியில் இதைக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. கடற்கரைப் பங்குகளில் மீன் கழிவுக்குக் குறைவில்லை. அதை டிரம்மில் போட்டால் எலியும் நாயும் வரும். சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய வாளியில் 30 முதல் 40 நாள் வைத்து வடிகட்டினால் மீன் அமிலம். லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். புதுச் சாணத்தை மட்டும் கொத்தமல்லி, புதினா போன்று பச்சையாக உண்பவற்றின் அருகில் போட வேண்டாம். அதில் நோய்க் கிருமிகள் இருக்கலாம்.

நாம் பேசுவது வீட்டுத் தோட்டம் பற்றி மட்டுமே. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. மட்கு உரத்திலோ ஒரு பங்கு அளவில்தான். 2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தபோது நெல் விளைச்சல் சரிந்து, அந்த ஆண்டு முடியுமுன்பே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. மண் மெதுவாகத்தான் மாறும். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலில், உணவுக் கழிவைக் குறைப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது போன்ற சின்ன அன்றாடச் செயல்களையும் குறிப்பிட்டு எழுதியது இந்த அளவில்தான் நமக்குப் பொருந்துகிறது. உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்றே நினைத்தார் என யோவான் எழுதுகிறார். டிரம்மைக் கிளறும்போது எங்களுள் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

தொடங்க விரும்பும் அன்பியங்களுக்கு ஒரு கணக்கு. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா மலர்களையும் குடிலில் விரித்த வைக்கோலையும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் டிரம்மில் இட்டால், உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி உரம் தயாராகிவிடும். மே மாதத்தில் கெபியைச் சுற்றி நடும் செடிகளுக்கு அது சரியாக இருக்கும்.