ரிப்போர்ட்ல ‘பாசிட்டிவ்’னு வந்திருக்கு. அப்புறம்?

நேயர்கள் அனுப்பிய இரண்டு மெயில்தான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

முதல் மெயில் 26 வயசுப் பெண் எழுதினது. முடி அதிகமா கொட்டுதுன்னு ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்திருக்காங்க. அதுல ஏஎன்ஏ என்கிற டெஸ்ட்டும் சேர்ந்திருக்கு. ரிசல்ட்: பாசிட்டிவ், 1:80. ராத்திரி முழுக்க கூகுள். விடியறதுக்குள்ள தனக்கு லூபஸ்தான்னு முடிவே பண்ணிட்டாங்க.

இரண்டாவது மெயில் ஒரு மகன் எழுதினது. அம்மாவுக்குக் காலையில் எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல விரலை மடக்க முடியலை. இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருக்கு. ஆனா முடக்குவாதத்துக்கான ஆர்எஃப் டெஸ்ட் நெகட்டிவ். ‘ரத்தத்துல ஒண்ணும் இல்லை, வயசாகுதில்ல’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு பேரையும் ஒரு ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டாச்சு. ஆனா இந்த இரண்டு மெயிலுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். ரத்தத்தில் தெரிகிற ஓர் அடையாளத்தையும் நோயையும் நாம் ஒன்றாகவே பார்க்கிறோம். ஆராய்ச்சியாளர்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் பல வருஷமா மண்டையை உடைச்சுக்கறாங்க.

உடம்புக்குள் நடப்பதை அளந்து சொல்ல உதவுகிற எதுவும் பயோமார்க்கர்தான். சர்க்கரை அளவு ஒரு பயோமார்க்கர். வீக்கம் இருக்கா இல்லையான்னு சொல்கிற இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அப்படித்தான். ஆனா அவை சளிக் காய்ச்சலுக்கும் ஏறும், மூட்டு வீக்கத்துக்கும் ஏறும். எங்கேயோ தீ எரியுதுன்னு சொல்லும், எந்த வீட்டுலன்னு சொல்லாது. ஆட்டோஇம்யூன் நோய்கள்ல, அதாவது நம்ம நோய் எதிர்ப்புச் சக்தி நம்ம உடம்பையே தாக்குகிற நோய்கள்ல, வீட்டு நம்பரைக் கொஞ்சம் நெருங்கிச் சொல்பவை ஆட்டோ ஆன்டிபாடிகள். கிருமியைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி, நம் சொந்தச் செல்லையே பிடிக்கிற கதை.

முதல்ல அந்த 1:80-ஐப் பார்ப்போம். ஏஎன்ஏ என்பது செல்லின் உட்கருவைக் குறிவைக்கிற ஆன்டிபாடி. ஒரு கண்ணாடித் தகட்டில் மனிதச் செல்களை ஒட்டவைத்து, அதன்மேல் நம் சீரத்தை ஊற்றுவார்கள். அதில் ஏஎன்ஏ இருந்தால் செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாக மின்னும். (பெரும்பாலான லேப்கள் இதற்குப் பயன்படுத்துவது ஹெப்-2 என்ற செல்வகை. அது குரல்வளைப் புற்றுநோயிலிருந்து வந்ததுன்னு ரொம்ப காலம் நம்பினாங்க. மரபணுவைச் சோதித்தபோது, 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து எடுத்த ஹீலா செல்கள்தான் அதற்குள் கலந்து ஆக்கிரமித்திருந்தது தெரியவந்தது. அது தனி எபிசோடுக்கான விஷயம்.)

1:80 என்றால் சீரத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் பச்சை தெரிந்தது என்று அர்த்தம். டிகாஷன்ல தண்ணி சேர்த்துக்கிட்டே போறோம்னு வெச்சுக்கங்க. எதுவரைக்கும் காபி வாசனை வருதோ, அதுதான் கணக்கு. இரண்டாவது எண் பெரிசாக ஆக, ஆன்டிபாடி அதிகம்.

இப்போ முக்கியமான விஷயம். 1997-ல் பல நாடுகளைச் சேர்ந்த 15 லேப்கள் சேர்ந்து, நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்களின் சீரத்தைச் சோதித்தார்கள். 1:40-ல் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ். 1:80-ல் 13.3 சதவீதம். 1:160-ல் 5 சதவீதம். அதாவது ஆரோக்கியமான 1000 பேரை வரிசையில் நிறுத்தினால், சுமார் 133 பேர் அந்தப் பெண் மாதிரியே ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பார்கள். லூபஸோ பொதுவாக ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருகிற நோய்.

அப்போ எதுக்கு இந்த டெஸ்ட்டு? லூபஸ் இருக்கிற ஏறக்குறைய எல்லாருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவா இருக்கும். அதனால் நெகட்டிவ் என்று வந்தால் லூபஸைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிடலாம். 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட லூபஸ் வரையறையிலும் 1:80 வெறும் வாசல்தான். அதைத் தாண்டின பிறகு சிறுநீரகம், தோல், மூட்டு, ரத்த அணுக்கள், மற்ற ஆன்டிபாடிகள் என்று மதிப்பெண் கூட்டி 10 வர வேண்டும். வாசலுக்கு வந்துட்டதாலேயே வீட்டுக்குள்ள இருக்கோம்னு ஆகாது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களின் பேக்கேஜில் இந்த டெஸ்ட்டைச் சேர்ப்பது, என் பார்வையில், பயத்தைக் காசு கொடுத்து வாங்குகிற வேலை.

ஆனா ‘அப்போ பாசிட்டிவுக்கு அர்த்தமே இல்லை’ன்னு நான் சொல்ல வரலை. இங்கேதான் கதை சிக்கலாகுது.

அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் சீரத்தை உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கிறது. அதில் சிலருக்குப் பின்னால் லூபஸ் வந்தது. அப்படி 130 பேருடைய பழைய சீரத்தை எடுத்து, நோய் தெரிவதற்கு முன்னால் ரத்தத்தில் என்ன இருந்தது என்று பார்த்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. 115 பேருக்கு ஏதாவது ஓர் ஆட்டோ ஆன்டிபாடி முன்பே இருந்திருக்கிறது, சிலருக்கு 9 வருஷத்துக்கும் முன்னால். அதைவிட சுவாரஸ்யம், அவை வந்த வரிசை. ஏஎன்ஏ, ஆன்டி ரோ, ஆன்டி லா போன்றவை சராசரியாக 3.4 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. டிஎன்ஏ-வையே குறிவைக்கிற ஆன்டிபாடி 2.2 ஆண்டுகளுக்கு முன். ஆன்டி எஸ்எம் கடைசியாக, கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு முன்னால். (எஸ்எம், ரோ, லா எல்லாமே நோயாளிகளின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள். யாரோ ஒருத்தரோட ரத்தம், உலகம் முழுக்க லேப் ரிப்போர்ட்ல அச்சாகிட்டு இருக்கு.)

பின்னாளில் நோய் வந்தவர்களைப் பிடித்து அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்த ஆய்வு இது என்பதை மறந்துடாதீங்க. முன்னோக்கிப் பார்த்தால், ஏஎன்ஏ பாசிட்டிவ் ஆன பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வருவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அறிகுறியே இல்லாதபோதும் தெரிந்துகொண்டு பயன் உண்டு என்பதற்கு ஆன்டி ரோ நல்ல உதாரணம். இந்த ஆன்டிபாடி உள்ள ஒரு பெண் கர்ப்பமானால், அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைக் கெடுக்கலாம். இது நடப்பது 100-ல் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்குத்தான். ஆனா முந்தைய குழந்தைக்கு அப்படி ஆகியிருந்தால், அடுத்ததற்கும் வருகிற வாய்ப்பு சுமார் 18 சதவீதம். அப்படிப்பட்ட தாய்மார்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. 54 கர்ப்பங்களில் 4-ல் மட்டுமே திரும்ப வந்தது, அதாவது 7.4 சதவீதம். இங்கே அடையாளம் தெரிந்தால் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கு.

இனி அந்த மகனின் மெயில். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். 1940-ல் எரிக் வாலர் என்ற நார்வே விஞ்ஞானி, ஆட்டின் சிவப்பணுக்களைச் சில நோயாளிகளின் சீரம் கட்டியாக்குவதைக் கவனித்தார். அதுதான் ஆர்எஃப் கதையின் தொடக்கம். பிரச்சினை என்னன்னா, நாள்பட்ட கல்லீரல் தொற்று, காசநோய், சும்மா வயசாவது, இதுக்கெல்லாம்கூட ஆர்எஃப் பாசிட்டிவ் வரும்.

இதைவிடக் கூர்மையான அடையாளம் கிடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1964-ல் நெதர்லாந்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், முடக்குவாத நோயாளிகளின் சீரம் கன்னத்தின் உட்புறச் செல்களில் போய் ஒட்டுவதைக் கண்டார்கள். அருமையான டெஸ்ட். ஆனா எல்லாருடைய கன்னச் செல்லும் இதுக்கு ஒத்துவராது, ஆள் தேடணும். எதில் ஒட்டுகிறது என்றும் தெரியாது. பதில் கிடைக்க 34 வருஷம் ஆச்சு. 1998-ல்தான் அந்த ஆன்டிபாடி தேடிப்போவது சிட்ருலின் என்று தெரிந்தது. தர்பூசணிச் சாற்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். தர்பூசணி சாப்பிட்டா மூட்டுவலி வருமான்னு கமெண்ட் போடாதீங்க, வராது. உடம்புக்குள் ஒரு என்சைம், புரதத்தில் இருக்கிற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றுகிறது. புரதத்தின் சாயல் லேசாக மாறுகிறது. சிலருடைய எதிர்ப்புச் சக்திக்கு அந்தப் புதிய முகம் அந்நியனாகத் தெரிகிறது. குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள் சிகரெட்டும் பிடித்தால் இது நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஸ்வீடன் ஆய்வுகள் காட்டின. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் சிட்ருலின் ஏறிய புரதங்களையும் பார்த்தார்கள். மூட்டு நோயின் தொடக்கம் மூட்டிலேயே இல்லாமல் இருக்கலாம்!

இப்படிப் பிறந்ததுதான் ஆன்டி சிசிபி டெஸ்ட். 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முடக்குவாதம் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு இது சரியாக நெகட்டிவ் காட்டியது. ஆர்எஃப்-க்கு இது 85 சதவீதம்தான். ஆனா நோய் உள்ளவர்களைப் பிடிப்பதில் ஆன்டி சிசிபி 67, ஆர்எஃப் 69 சதவீதம். அதாவது ஒவ்வொரு டெஸ்ட்டும் 100-ல் 30 பேருக்கு மேல் தவறவிடுகிறது. அந்த அம்மா அப்படித் தவறவிடப்பட்டவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆர்எஃப் நெகட்டிவ் என்ற ஒரு தாளை வைத்து அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும். வீங்கின மூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கணும், அல்ட்ராசவுண்ட் தேவைன்னா எடுக்கணும். எலும்பு ஒருமுறை அரிச்சுட்டா மருந்தால் பழையபடி ஆக்க முடியாது, அதனால்தான் அவசரம்.

இதிலே ஒரு அநியாயமும் இருக்கு. ஆய்வுகளில் யாரை முடக்குவாத நோயாளி என்று சேர்ப்பது என்பதற்கு 2010-ல் வந்த மதிப்பெண் முறையில் 10-க்கு 6 வேண்டும். ஆன்டிபாடி அதிகமாக இருந்தால் 3 மதிப்பெண். அது இல்லாதவருக்கு வீக்கத்துக்கு 1, ஆறு வாரம் தாண்டினதற்கு 1, மீதி 4 மூட்டுகளிலிருந்துதான் வரணும். கணக்குப் போட்டால், பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டிருந்தால்தான் தேறுவார். அது ஆராய்ச்சிக்கான அளவுகோல்தான், டாக்டர் நோயைத் தீர்மானிக்க அதையே நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனா ஆய்வுகளில் யார் இடம்பெறுகிறார்களோ, அவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும்.

கடைசியா, இந்தத் துறை இப்போ எங்கே நிற்குது? முடக்குவாதத்திலும் ஆன்டிபாடி முன்பே வருகிறது. 2004-ல் வந்த ஒரு டச்சு ஆய்வில், நோய் வருவதற்கு முன் ரத்ததானம் செய்திருந்த 79 பேரின் பழைய ரத்தத்தைப் பார்த்தார்கள். 39 பேருக்கு ஆர்எஃப் அல்லது ஆன்டி சிசிபி முன்னரே இருந்தது. அப்போ அந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் நோயையே தடுத்துவிடலாமே?

பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த அப்பிப்ரா என்ற ஆய்வு அதைத்தான் கேட்டது. மூட்டுவலி இருந்தது, வீக்கம் இல்லை, ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது. அப்படிப்பட்ட 213 பேரில் பாதிப் பேருக்கு அபட்டாசெப்ட் ஊசி வாராவாரம் ஒரு வருஷம், மீதிப் பேருக்குப் போலி ஊசி. 2024-ல் வந்த முடிவு: ஒரு வருஷ முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு நோய், மற்றவர்களில் 29 சதவீதம். பிரமாதம். பிறகு ஊசியை நிறுத்தி இன்னும் ஒரு வருஷம் கவனித்தார்கள். 25-க்கு 37 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. நோயைத் தடுத்தார்களா, தள்ளிப்போட்டார்களா என்ற விவாதம் அங்கிருந்து தொடங்குகிறது.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த எண் வேற. போலி ஊசி போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்தில் எதுவுமே வரவில்லை. ஆன்டிபாடியும் இருந்தது, வலியும் இருந்தது, ஆனாலும் வரவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஊசியை ஒரு வருஷம் எல்லாருக்கும் போட்டால், அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் வந்திருக்கவே வந்திருக்காத நோய்க்காக ஊசி போட்டுக்கொண்டவர்கள். அந்த 63 பேரையும் மீதி 37 பேரையும் முன்கூட்டியே பிரித்துக் காட்டுகிற பயோமார்க்கரைத்தான் இப்போ தேடிக்கிட்டு இருக்காங்க. ஒரே ஓர் ஆன்டிபாடியை நம்பாமல் எத்தனை வகை ஆன்டிபாடி சேர்ந்திருக்கு, மரபணு என்ன, அல்ட்ராசவுண்ட் என்ன சொல்லுது, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அந்த 26 வயசு நேயர் நேத்து மறுபடி எழுதியிருந்தாங்க. டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை இரண்டும் பார்த்தாராம், சரியா இருக்காம். முடி கொட்டினது இரும்புச்சத்துக் குறைவாலயாம். அந்த அம்மாவுக்கு ருமட்டாலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்.