சக்கர அளவை மாற்றும் முன்: கார் உரிமையாளர் அறிய வேண்டியவை

பெரிய ரிம்மும் அகலமான டயரும் போட்டால் வளைவுகளில் கார் ஆட்டமின்றித் திரும்பும் என்ற நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. டயரின் பக்கச்சுவர் குட்டையாகும்போது அது வளைந்து கொடுப்பது குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி தாமதிக்காமல் திரும்பும். அளவும் பொருத்தமும் சரியாக அமைந்தால் மட்டுமே இந்தப் பலன் கிடைக்கும். தவறினால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பாதிக்கப்படும். வாரண்டியும் காப்பீடும் கேள்விக்குறியாகும். சட்டப்படி அபராதமும் வரலாம்.

டயர் எண்களைப் படிக்கும் முறை

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்பது ரேடியல் டயர். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 88 என்பது எடை தாங்கும் குறியீடு. இதன்படி ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேக வரம்பு.

இந்த எண்களிலிருந்து சக்கரத்தின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். பக்கச்சுவரின் உயரம் 120.25 மி.மீ. அதன் இரு மடங்குடன் 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ.யைச் சேர்த்தால் 621.5 மி.மீ. வரும். ரிம் பெரிதானாலும் இந்த முழு விட்டம் மாறாதபடி பக்கச்சுவரைக் குறைப்பதே முறையான அளவு மாற்றம்.

195/55 ஆர்16 டயரின் முழு விட்டம் 620.9 மி.மீ. பழைய அளவுக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர் அளவே வேறுபாடு. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 டயரை ஏற்றினால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும், இது பழைய அளவைவிட 4 சதவீதத்துக்கும் அதிகம். அப்போது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி 4 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடும்; ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும்; எஞ்சின் இழுவையும் குறையும். முழு விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது டயர் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரே அச்சின் இரு பக்கமும் வெவ்வேறு அளவு டயர்கள் இருந்தால், சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு இயங்கும் ஏபிஎஸ், இஎஸ்பி அமைப்புகளும் குழம்பக்கூடும்.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. 195/55 ஆர்16 அளவில் பரவலாகக் கிடைக்கும் டயரின் எடைக் குறியீடு 87. அதாவது 545 கிலோ. பழைய டயரைவிட ஒன்றுக்கு 15 கிலோ குறைவு. குடும்பமும் சாமான்களும் ஏறிய காருக்கு இந்தக் குறைவு ஆபத்தாகலாம். எடைக் குறியீடும் வேகக் குறியீடும் தொழிற்சாலை டயருக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். இதே அளவில் எக்ஸ்எல் எனப்படும் வலுவூட்டப்பட்ட டயரைக் கேட்டு வாங்கலாம்.

ரிம் பொருந்த வேண்டிய நான்கு இடங்கள்

முதலாவது பிசிடி, அதாவது நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம். 4×100 என்றால் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு நட்டுகள். 4×98 ரிம்மையும் சக்கரம் பொருந்தும் 4×100 ஹப்பில் இறுக்கி ஏற்றிவிட முடியும். ஆனால் நட்டுகள் சாய்வாக உட்காரும்; ஓட்டத்தில் தளரும்.

இரண்டாவது சென்டர் போர், அதாவது ரிம்மின் நடுத்துளை. அது ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையம் தப்பி உட்கார வாய்ப்புண்டு. அப்போது வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். இடைவெளிக்குச் சரியான அளவில் ஹப் ரிங் போட வேண்டும்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே இது. ரிம்மில் இடி45 என்பது போலப் பொறிக்கப்பட்டிருக்கும். 6 அங்குல அகலமும் இடி45-உம் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் இடி35-உம் உள்ள ரிம்மைப் போட்டால், சக்கரத்தின் வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும்; உள் விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். பார்வைக்கு இது கம்பீரம். ஆனால் வீல் பேரிங் மீதான சுமை கூடும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். முழு லோடில் டயர் ஃபெண்டரில் உரசக்கூடும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் போட்டாலும் இதே விளைவுதான்.

நான்காவது நட்டு. ஸ்டீல் ரிம்முக்கு வந்த நட்டு, அலாய் வீலின் இருக்கைக்குப் பொருந்தாமல் போகலாம். கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்பதையும் மரையின் அளவையும் சரிபார்க்க வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும்.

பெரிய சக்கரத்தின் விலை

குட்டையான பக்கச்சுவர் பள்ளத்தின் அதிர்ச்சியை முழுமையாக உள்வாங்காது. மழைநீர் மூடிய குழியில் வேகமாக இறங்கினால் ரிம் வளையும். டயருக்குள் இழைகள் அறுந்து பக்கச்சுவரில் புடைப்பு எழும். புடைத்த டயரை ஒட்டுப்போட்டுத் தொடர்வது உயிருக்கு ஆபத்து. அதை மாற்றியே ஆக வேண்டும். அகலமான டயர் உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தாலும், தேங்கிய நீரில் குறைந்த வேகத்திலேயே மிதந்து வழுக்கத் தொடங்கும். விலை மலிவான பெரிய ரிம் பெரும்பாலும் கனமாக இருக்கும். சக்கரத்தின் எடை கூடக் கூடச் சஸ்பென்ஷனின் வேலை கடினமாகும். எரிபொருள் செலவும் பிரேக்கின் சுமையும் கூடும்.

வண்டி வளைவில் ஆடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட அட்டையின்படி டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், பேலன்சிங், ஷாக் அப்சார்பரின் நிலை, டயரின் வயது ஆகியவையே அவை. பக்கச்சுவரில் 2324 என்ற நான்கு இலக்கம் இருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அதே அளவில் தரமான புதிய டயர் தரும் பிடிமானம், பழைய டயருடன் பெரிய ரிம் தருவதைவிட மேலானது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதும் விதி.

பாதுகாப்பான வழி, அதே மாடலின் உயர் வகைக்குத் தயாரிப்பாளரே தந்த அளவைத் தேர்வதுதான். 2018 முதல் 2024 வரை விற்பனையான மாருதி சுசூகி ஸ்விஃப்ட் காரின் கீழ் வகைக்கு 165/80 ஆர்14, மேல் வகைக்கு 185/65 ஆர்15 வந்தன. இரண்டின் முழு விட்டத்திலும் 2 மி.மீ. கூட வேறுபாடு இல்லை. உரிமையாளர் கையேட்டில் இத்தகைய அளவுகள் இருக்கும். ஐயம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

காப்பீடும் வாரண்டியும்

பின்னர் வாங்கிப் பொருத்திய அலாய் வீலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, துணைப்பொருளாகச் சேர்த்துப் பிரீமியம் கட்டினால்தான் அதற்கு இழப்பீடு கிடைக்கும். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு இல்லை. காரும் சேர்ந்து சேதமானால் புதிய டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். பேரிங்கோ சஸ்பென்ஷனோ கெட்டால், சக்கர மாற்றத்தைக் காட்டித் தயாரிப்பாளர் வாரண்டியை மறுக்கக்கூடும். அப்போது மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

வாங்குபவரின் உரிமையும் தீர்வும்

இந்தியாவில் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். டயரின் அளவு, தயாரிப்பு வாரம், ரிம்மின் அகலம், ஆஃப்செட் ஆகியவற்றுடன் பில் பெறுவது நல்லது. பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக முறை. பொருந்தாத சக்கரத்தைப் பொருத்திய கடையின் மீது சேவைக் குறைபாடு என்றும் புகார் செய்யலாம்.

முதல் படி, கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புவது. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். காப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தக்க பதில் இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

உடைந்த ரிம்மையும் வெடித்த டயரையும் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. ஆணையம் அவற்றை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப முடியும். பில்லுடன் அவையே முதன்மைச் சான்று. இத்தகைய சிக்கல் வராமலிருக்க, புதிய சக்கரம் வாங்கும் ஒவ்வொருவரும் கதவுச் சட்டத்து அட்டையையும் உரிமையாளர் கையேட்டையும் படித்துவிட்டே கடைக்குச் செல்ல வேண்டும். அவற்றோடு பொருந்தாத அளவை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் மறுத்துவிட வேண்டும்.