‘உள்ளூர்’ என்றால் யார்? அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் மறைந்திருக்கும் சாதி

மதுரையில் அரசுப் பணத்தில் பெரிய கட்டடம் எழும்போதெல்லாம், இந்த வேலை நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியும் உடன் எழுகிறது. தோப்பூரில் 2019 சனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனையின் முதன்மைக் கட்டுமானம் 2024-இல்தான் தொடங்கியது. ஒப்பந்தம் எல் அண்ட் டி நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் உள்ளது; அதன் கட்டுமானப் பிரிவின் தலைமையகமோ சென்னை மணப்பாக்கத்தில் உள்ளது. அப்படியானால் அது உள்ளூர் நிறுவனமா, வெளியூர் நிறுவனமா? எல்லையை மாநிலத்தில் வரைவதா, மாவட்டத்தில் வரைவதா, வட்டத்தில் வரைவதா என்பதிலேயே இந்த விவாதம் தடுமாறத் தொடங்குகிறது. நமக்கோ எல்லைக்கோடு ஊருக்கும் சேரிக்கும் இடையிலேயே வந்துவிடுகிறது.

உள்ளூருக்கு முன்னுரிமை கேட்போரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வரிப்பணம் அப்பகுதியிலேயே சுழலும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நிமிந்தாளுக்கும் வீட்டிலிருந்தே சென்று வரும் தொலைவில் வேலை கிடைக்கும். கட்டடத்தில் விரிசல் விழுந்தால் கேட்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருப்பார். ஆனால், அந்த முன்னுரிமை யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மதுரை மாவட்டத்தின் அண்மை வரலாறு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளும் நாட்டார்மங்கலம் ஊராட்சியும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. 2006 அக்டோபர் வரை, ஏறத்தாழ பத்தாண்டுகள், அங்கே ஒரு தலித் தலைவர் நிலைத்துப் பதவி வகிக்க ஆதிக்கச் சாதியினர் விடவில்லை. வேட்புமனுவே இல்லாமல் போனது. அல்லது வென்றவர் உடனே விலகவைக்கப்பட்டார். மேலவளவில் அதே ஒதுக்கீட்டின் கீழ் தலைவரான முருகேசன், 1997 சூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலி மட்டுமா அங்கே சிக்கல்? ஊராட்சி நிதியும் பொதுச் சொத்துகளும் யார் கையெழுத்தில் நகர்கின்றன என்பதும் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும். ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்தால், தலித் தலைவர் ஒரு தெருக்குழாயைக்கூடப் பழுது பார்க்க முடியாது. இத்தகைய ஊரில் ‘உள்ளூர் ஒப்பந்ததாரர்’ என்று சொன்னால் அது யாரைக் குறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால் திறந்த போட்டியே போதும் என்று நாம் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், தகுதியுள்ளோரில் குறைந்த விலை கேட்டவருக்கே பணியைத் தருகிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது உண்மைதான். மின்னணு முறை வந்தபின், டெண்டர் பெட்டியருகே நின்று ஆளை மிரட்டும் வழக்கமும் குறைந்திருக்கிறது. ஆயினும் அதற்கு முந்தைய வாசல் ஒன்று இருக்கிறது: முன்வைப்புத் தொகை, ‘சால்வன்சி’ எனப்படும் சொத்து மதிப்புச் சான்று, இதே போன்ற பணியை முன்பே முடித்த அனுபவம், ஆண்டு விற்றுமுதல். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர் எந்தச் சொத்தைக் காட்டுவார்? முதல் பணியே கிடைக்காதவர் முந்தைய பணியின் சான்றுக்கு எங்கே போவார்? போதாக்குறைக்குச் சிறுசிறு பணிகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக டெண்டர் விடும்போது, தகுதி வரம்பு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. நம்மவர் கடைசியில் அதே பணியில் துணை ஒப்பந்தக்காரராக, எழுத்தில் எந்தச் சான்றும் இல்லாமல், மேஸ்திரியாக நிற்கிறார்.

இந்த முடிச்சைச் சட்டத்தாலேயே அவிழ்க்கலாம் என்பதைக் கர்நாடகம் காட்டியது. அங்கே ஒளிவுமறைவின்மைச் சட்டம் திருத்தப்பட்டு, 2017 முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் 17.15 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் 6.95 விழுக்காடு பட்டியல் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டது. 2023-இல் அந்த வரம்பு 1 கோடியானது. இந்தச் சிந்தனையின் வேர் 2002 சனவரியில் வெளியான போபால் பிரகடனத்தில் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையோ தலித், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு என்கிறது. ஆனால் அது பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மட்டுமே, கட்டுமானப் பணிக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மானியத்தில் இயந்திரம் வாங்கியவருக்கு வேலை ஆணை கிடைக்க வழி செய்யும் விகிதப் பங்கீடு, மக்கள் தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினராக உள்ள இம்மாநிலத்தின் டெண்டர் சட்டத்தில் இல்லை.

பினாமிகள் நுழைவார்கள் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. நுழையத்தான் செய்வார்கள். ஊராட்சித் தலைவர் பதவியிலும் நுழைந்தார்கள். அதற்காக ஒதுக்கீட்டைக் கைவிடவில்லை.

சட்டத்தின் பார்வையிலும் ஊரை அளவுகோலாக்குவது பலவீனமானது. தனியார் வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு என்ற அரியானாச் சட்டத்தை, பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றது. சத்தீஸ்கரில், அம்மாநில அரசுக்கு முன்பே பொருள் வழங்கியவர் மட்டுமே கேட்கலாம் என்ற டெண்டர் நிபந்தனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைத் தனி அக்கறையுடன் காக்குமாறு அரசுக்குச் சொல்லும் 46-ஆம் கூறு போன்ற ஓர் அடித்தளம், ஊர்ப்பற்றுக்கு நம் அரசமைப்பில் இல்லை.

தொழிலாளர் பக்கம் வரும்போது ‘உள்ளூர்’ என்ற சொல் இன்னும் ஆபத்தாகிறது. 2021 ஆகஸ்ட் 28 அன்று மதுரை புதிய நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த பறக்கும் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். வடக்கிலிருந்து வந்து கம்பி கட்டும் பலர், அவரவர் ஊரில் நம்மைப் போலவே நிலமற்ற சாதிகளில் பிறந்தவர்கள். அவர்களை விரட்டினால் அந்த இடம் நமக்கு நியாயக் கூலியோடு வரும் என்று நம்ப நமக்குக் காரணமில்லை. கூலி குறைவாக இருப்பது அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதால் அல்ல. பதிவும் சங்கமும் இல்லாமல் வைக்கப்பட்டிருப்பதால். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டங்களின்படி, கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலநிதியாக வசூலிக்கப்பட்டு வந்தது. பணித்தளத்தில் நிற்கும் ஒவ்வொருவரும், எந்த ஊரினராயினும், நலவாரியத்தில் பதிவு பெற்றிருந்தால்தான் பட்டியல் தொகை விடுவிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத முடியும்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் 1998 சட்டத்திலும் கர்நாடகத்தின் வழியில் திருத்தம் வேண்டும் என்பதே நம் நிலை. 1 கோடி வரம்பு என்றதும் அது எய்ம்ஸைத் தொடாதே என்று சிலர் கேட்கலாம். தொடாதுதான். ஆனால் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் நம் காலனிகளுக்குள் போடப்படும் சிமெண்ட் சாலை, வடிகால், சமுதாயக்கூடம், அங்கன்வாடி போன்றவை அந்த வரம்புக்குள் அடங்கக்கூடியவை. சட்டத் திருத்தம் வரும்வரை, ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தரவென்றே 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ, தன் விடுதி, பள்ளிக் கட்டடப் பணிகள் எத்தனை தலித் ஒப்பந்ததாரர்களுக்குச் சென்றன என்ற கணக்கை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம்.